மற்றவை

சின்டெக்ஸ் தொட்டி கழுவுகிறவனுக்கு
ஊரின் மேல்பாதி தெரியும்.
குருசுக்குப்பத்தில் எந்த மாடியில் டிரெட்மில் துருப்பிடிக்கிறது,
முத்தியால்பேட்டையில் எந்த மாடியில்
வாடகைக்காரர் ரகசியமாகச் சிகரெட் பிடிக்கிறார்,
லாஸ்பேட்டையில் எந்த வீட்டில்
தண்ணீர் நாறிய பிறகுதான் போன் வரும்.

அப்படித்தான் தொட்டி நிழலில்
ஒவ்வொன்றாகப் பெட்டி வைத்தேன்.
வாடகை வருஷத்துக்கு ஒரு பாட்டில் தேன்.
கொட்டினால் டாக்டர் செலவு என்னுடையது.
இதுவரை இரண்டு ஊசி,
ஒன்று எனக்கே.

பதினொரு பெட்டி.
பத்து என் கணக்கு.
பதினொன்றாவது முல்லா வீதி பரீதாவுடையது,
தையல் மிஷினுக்கு மேலே, மொட்டைமாடியில்.
என்னைவிட நன்றாக வளர்க்கிறாள்.
புகை போடமாட்டாள்.
"நகருங்கடி" என்பாள், நகரும்.

கஸ்பார் வந்தது மார்ச் கடைசியில்,
காலரில் ஈஸ்ட் வாசனையோடு.
முந்நூறு லிட்டர் காய்ச்சப் போகிறானாம்.
டின் தேன் வேண்டாமாம்.
"இந்த ஊர்ப் பூ வேணும்ணா" என்றான்.
இந்த ஊர்ப் பூ என்றால் என்ன,
பூங்கா ஓரத்துப் புங்கை,
நகராட்சி வெட்ட மறந்த வேம்பு,
சாக்கடையோரம் யாரும் நடாமல் வந்த முருங்கை.
அதுதான் வேணும் என்றான்.

பரீதா சொன்னாள்:
"குடிக்கிற சமாச்சாரத்துக்கு என் பெட்டியைத் தொடாதே."
கோபமில்லை,
பிளவுஸ் கூலி சொல்கிற குரல்தான்.
அடுத்த வாரம் ஏழாம் நம்பர் பெட்டியில்
ராணி செத்து
கூட்டம் மூடாத குழாய் மாதிரி இரைந்தபோது
தன் பெட்டியிலிருந்து முட்டைச் சட்டம் ஒன்றை உருவி
துப்பட்டாவில் சுற்றித் தந்ததும் அவள்தான்.
"எந்தப் பெட்டிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரலில் ஒன்பது கிலோ தேறியது.

கலால் ஆபீசில் படிவத்தோடு மூன்று நாள்.
மால்ட்டுக்குக் கட்டம் இருந்தது.
சர்க்கரைக்கு இருந்தது.
தேனுக்கு இல்லை.
அதிகாரி பேனா மூடியைக் கடித்து யோசித்து
'மற்றவை' என்று எழுதினார்.
எழுதிவிட்டு
சளிக்கு அரை பாட்டில் கிடைக்குமா என்றார்.

காய்ச்சிய அன்று
வெல்லப்பாகு மாதிரி ஆவி போனது தெருவுக்கு.
பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார்கள் என் ஆட்கள்.
வடிகால் ஈரத்தில் வரிசை கட்டி உறிஞ்சினார்கள்.
கஸ்பார் மின்விசிறியை நிறுத்தினான்,
வலை கட்டினான்,
பிரெஞ்சில் கெஞ்சினான்,
அவன் ஆயா வீட்டுப் பிரெஞ்சு அது, கெட்ட வார்த்தையும் கலந்தது.
கொதியில் விழுந்தவை முப்பத்தொன்று.
கரண்டியால் எடுத்து
ஸ்டீல் தட்டில் வைத்தான்.
இரண்டு பேருமே அதைக் குப்பையில் போடவில்லை,
யார் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.
தேனை ஆறிய பிறகுதான் ஊற்றினான்.
சூட்டில் போட்டால் வாசனை ஓடிவிடுமாம்.

பலகையில் 'தேறல்' என்று எழுதினோம்.
"தேறுமா?" என்றான் சப்ளை செய்கிற பையன்.

முதல் மேஜைக்காரர் பாதியில் கூப்பிட்டார்.
"தேன்னு போட்டிருக்கீங்க, இனிப்பே இல்லையே?"
"ஈஸ்ட் தின்னுடுச்சு சார்."
"அப்போ நான் எதுக்குக் காசு தர்றேன்?"
கஸ்பார் பதில் சொல்லவில்லை.
அவர் மோந்து பார்த்தார்.
இன்னொரு முறை மோந்தார்.
பில்லில் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னார்,
பிறகு இன்னொன்று கேட்டார்.

மறுநாள் காலை முல்லா வீதியில் வேலை.
அதே சட்டை.
துவைக்க நேரமில்லை, முன்பக்கம் ஒரு கோப்பை கொட்டியிருந்தது.
பரீதா இரண்டடி தள்ளியே நின்றாள்,
மூக்கைச் சுருக்கி,
பிறகு சுருக்காமல்.

"ஏழாம் நம்பர்" என்றாள்.
பத்துப் பெட்டியும் கலந்தது என்றேன்.
"முருங்கைப்பூ. ஏழு."
எதிர்த்துப் பேச என்னிடம் ஆதாரமில்லை.
"சட்டையைக் கழற்றிப் படியில் போடு,
வீட்டுக்குள்ளே எடுத்துட்டு வராதே.
தொட்டியில் இறங்கு,
அடியில் சேறு கட்டிக் கிடக்கு."

இறங்கினேன்.
மேலே, மூடி திறந்த வட்டத்தில் வெயில்,
ஒரு தேனீ விளிம்பில் நடந்தது.
பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தேன்.